அவசரக்கார இண்டிகேட்டர்

வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்லத்தான் இண்டிகேட்டர். எங்கள் வேனில் அது வேறு சேதி சொல்ல ஆரம்பித்தது. ஓட்டுகிறவளுக்குப் பயம், கை நடுங்குகிறது, இவளை நம்பிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று சொல்கிறதாம். வண்டி அப்படிச் சொல்லவில்லை, வண்டியைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

என் மருமகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அதில் நான் ஆயா. ஆயா வேலை என்றால் லேசுப்பட்டது இல்லை. கதவைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், மூக்கைத் துடைக்க வேண்டும், யார் யாரைக் கிள்ளினார்கள் என்று பஞ்சாயத்துப் பண்ண வேண்டும். மூன்றாம் வகுப்போடு நான் கைகழுவிவிட்ட பள்ளிக்கூடத்துக்கு இந்த வயதில் தினமும் போய் வருகிறேன். வாசல் வரைக்கும்தான், உள்ளே போனால் எழுதச் சொல்லிவிடுவார்களே.

எங்கள் வீடு அண்ணனூரில், ரயில் பெட்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் பக்கம். வேனில் வருகிற பிள்ளைகள் எல்லாம் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பு. அவர்களுடைய அப்பா அம்மாக்கள் மதுரை, சேலம், திருநெல்வேலி என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள். பள்ளிக்கூடம் பூந்தமல்லியில். இடையில் இருக்கிற சாலையைச் சாலை என்று சொன்னால் சாலைக்கே கோபம் வரும். மெட்ரோ ரயிலுக்குத் தூண் நடுகிறேன் என்று அங்கங்கே தகரம் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் புகுந்து புறப்பட்டு என் மருமகள் ஓட்டுவதைப் பார்த்தால், நெரிசலான கல்யாண வீட்டில் குழம்பு வாளியோடு போகிறவளைப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரு சொட்டு சிந்தாது.

வேன் அவளுடையது. ஆர்.சி. புத்தகம் அவள் பெயரில், லைசென்ஸ் அவள் பெயரில், பேட்ஜ் அவள் பெயரில். என் மகனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. அவனுக்கு பைக் ஓட்ட வரும். வேன் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தால், அறுக்கக் கூட்டிப்போகிற ஆடு மாதிரி விழிப்பான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவன் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தான். பிரித்தால் உள்ளே சிவப்பாக, பளபளவென்று இரண்டு விளக்குகள்.

"இன்னாடா இது, தேருக்கு வெக்கற லைட்டா?" என்றேன்.

"எம்மோவ், வேனுக்குப் பின்னாடி போடற லைட்டு. பிரேக்கு, இண்டிகேட்டர் அல்லாம் ஒண்ணா, எல்.இ.டி. குமணன்சாவடில பிரேக் புடிச்சா கோயம்பேட்டுல தெரியும்."

"கோயம்பேட்டுல கீறவனுக்கு இது இன்னாத்துக்குடா?"

ஊரில் எவனும் பண்டிகைக்குப் பெண்டாட்டிக்குப் புடவை எடுப்பான். இவன் விளக்கு எடுத்தான். மருமகள் அதைக் கையில் வாங்கினாள். பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, இரண்டு விளக்குக்கும் சந்தனம் குங்குமம் இட்டாள். அவ்வளவு பிடித்துப் போயிற்று அவளுக்கு. பிடிக்காமல் போயிருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்போம், இந்தக் கதையும் இல்லை.

பழைய விளக்குகளை அவனே கழற்றினான், புதிதை அவனே மாட்டினான். பூஜை அன்று மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றி வண்டியை நகர்த்தினோம். தெருவே திரும்பிப் பார்த்தது. நேராகத்தான் போனோம். எங்கேயும் திரும்பவில்லை. அதனால் ஒன்றும் தெரியவில்லை.

லீவு முடிந்து முதல் நாள் காலை. குடியிருப்பு வாசலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மருமகள் இடது பக்கம் இண்டிகேட்டரைப் போட்டாள். அதுவரைக்கும் எங்கள் இண்டிகேட்டர் சாப்பிட்டுவிட்டு உலாவப் போகிற ஆள் மாதிரி, டிக்... டிக்... என்று நடக்கும். அன்றைக்கு டிக்டிக்டிக்டிக் என்று ஓடியது. கடைசி ரயிலைப் பிடிக்கிற ஓட்டம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒருத்தன் சீட்டில் தாளம் போட்டான், ஒருத்தி எழுந்து ஆடினாள், இரண்டு பேர் அந்தத் தாளத்துக்கு ஒரு பாட்டே கட்டிவிட்டார்கள்.

"இன்னாடி இது, ஜுரம் வந்தவ நாடி மாரி அட்ச்சிக்குது?"

"தெர்ல அத்தே. எல்லா லைட்டும் எரியுது. அவசரமா எரியுது, அவ்ளோதான்."

வலது பக்கம் போட்டுப் பார்த்தாள். அதுவும் அதே ஓட்டம். பிள்ளைகளை இறக்கிவிட்டு மகனுக்குப் போன் போட்டோம்.

"அது ஸ்டைலும்மா. இப்ப வர்ற வண்டி அல்லாம் அப்டித்தான் அடிக்கும்," என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் போட்ட விளக்கு தப்பு செய்யுமா?

அடுத்த நாள் ஓர் அப்பா வந்தார். அவருடைய பெண் யு.கே.ஜி. படிக்கிறது. முயல் படம் போட்ட ரோஸ் கலர் பையும் அதுவுமாக வரும், நல்ல பெண். அப்பாவும் நல்லவர்தான், வாயைத் திறக்காத வரைக்கும். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டே வந்தவர், அதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"சிஸ்டர், நேத்து பின்னாடியிருந்து பாத்தேன். திரும்பும்போது ஏன் இண்டிகேட்டரை இவ்ளோ அவசரமா போடுறீங்க? மெதுவா போடுங்க. பதட்டமே வேண்டாம்."

மருமகளுக்கு முதலில் புரியவில்லை. "நான் ஒரு தபாதான் சார் போட்றேன். அது தானா அடிக்குது."

"எனக்கும் கார் ஓட்ட ஆரம்பிச்சப்ப அப்படித்தாங்க இருந்துச்சு. பழகிடும்."

அடி பம்பில் தண்ணீர் அடிக்கிற மாதிரி, ஒவ்வொரு மினுக்குக்கும் இவள் கையால் அடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன்! கார் வைத்திருக்கிறவர். படித்தவர். எனக்குத் தாங்கவில்லை.

"சார், உங்க ஊட்டு காலிங் பெல்லு ஒரு தபா அமுக்கினா நாலு தபா கூவுச்சின்னா, அமுக்கினவன் பயந்தாங்கொள்ளின்னு சொல்வீங்களா?"

"ஆயாவுக்கு ரொம்பக் குறும்பு," என்று சிரித்துவிட்டு, காதில் இருப்பதைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நான் கேட்டது கேள்வி. அவருக்கு அது பொழுதுபோக்கு.

அன்றைக்கு மத்தியானம் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சேதி வந்தது. வேன் ஓட்டுகிறவள் என்பதால் மருமகளும் அதில் இருக்கிறாள். அதை மறந்துவிட்டு எழுதினார்களோ, தெரிந்தே எழுதினார்களோ. அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். லேடி டிரைவர் திருப்பங்களில் பதட்டப்படுகிறார், மெட்ரோ வேலை நடக்கிற சாலை, குழந்தைகள் விஷயம், சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடி வேறு வேன் பார்க்கலாமா என்று முடிவு செய்யலாம். அதற்குக் கீழே மழைக்கு முளைத்த காளான் மாதிரி வரிசையாகக் கட்டை விரல்.

அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் போனால் எங்கள் வேனில் நானும் அவளும்தான் மிச்சம். அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். துணி தைக்கிற கம்பெனியில் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், விடியற்காலையில் எழுந்து போய் வண்டி கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவனே முதல் நாள் "உனக்கு எதுக்கும்மா இது" என்று கேட்டான். இந்த அஞ்சு வருஷத்தில் எங்கள் வேன் ஒரு நாய்க்குட்டியைக்கூட உரசியதில்லை. இப்போது ஒரு விளக்கு வேகமாக மினுக்கியதற்கு இவள் பதட்டக்காரி ஆகிவிட்டாள்.

அவள் போனை அணைத்து வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் எடுத்துப்போய் வேனைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவின வேன்.

மறுநாள் மகனுக்கு மத்தியான ஷிஃப்ட். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட கையோடு அவனையும் ஏற்றிக்கொண்டு குமணன்சாவடியில் ஒரு வண்டி ஒயரிங் கடைக்குப் போனோம். மருமகள் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கடைக்காரன் அவளைத் தாண்டிப் போய், பக்கத்துக் கதவில் இறங்கின என் மகனிடம், "வா அண்ணாத்தே, இன்னா பிராப்ளம்?" என்றான்.

"இண்டிகேட்டர் வேகமா அடிக்குது," என்றாள் மருமகள்.

"லெப்டா ரைட்டா அண்ணாத்தே?"

"ரெண்டுந்தான்," என்றாள் மருமகள்.

"எப்பலேந்து அண்ணாத்தே?"

"லைட்டு மாத்தனதுலேந்து," என்றாள் மருமகள்.

கேள்வி ஒரு வீட்டுக்குப் போகிறது, பதில் எதிர்வீட்டிலிருந்து வருகிறது. என் மகனோ நடுவில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறான்.

"நைனா," என்றேன் கடைக்காரனிடம், "அவன் ஓட்றது கையில கீற செல்போனு ஒண்ணுதான். வண்டி ஓட்றவ இவ. இவளப் பாத்துக் கேளு."

"ஆயா செம காமெடி," என்று சொல்லிவிட்டு மறுபடியும் என் மகன் பக்கமே திரும்பினான். என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. நான் சொல்வது மட்டும் யாருக்கும் காதில் ஏறுவதில்லை.

வேலை தெரிந்தவன்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். காரணத்தைப் பளிச்சென்று சொன்னான். "பழைய பல்பு நெறைய கரண்ட் இழுக்கும் அண்ணாத்தே. எல்.இ.டி. கொஞ்சூண்டுதான் இழுக்கும். உள்ள ஃபிளாஷர்னு ஒரு டப்பா கீது. கரண்ட் கம்மியா போனா, பல்பு பூட்ச்சின்னு நெனச்சிக்கும். ஓட்றவனுக்குத் தெரியட்டும்னு வேகமா அடிக்கும்."

எனக்கு உடனே விளங்கிற்று. புது மருமகள் அரைச் சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்தால், ஐயோ உடம்புக்கு என்ன என்று மாமியார் தெருவையே கூட்டுகிறாளே, அது மாதிரி. எங்கள் வீட்டில் அந்தச் சிக்கல் வந்ததில்லை. இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிடுவோம்.

அவன் ஒரு டப்பாவிலிருந்து விரல் நீளத்துக்கு மஞ்சளாக, வரிவரியாக ஒரு கட்டியை எடுத்தான். ரெசிஸ்டராம். "இத்த சைடுக்கு ஒண்ணு போட்டா சும்மா கரண்ட்ட துன்னும். டப்பா பாத்துட்டு, பல்பு நல்லாத்தான் கீதுன்னு அடங்கிடும்."

"வேல இன்னா செய்யும்?"

"வேல ஒண்ணும் செய்யாது ஆயா. துன்னும், சூடாவும்."

"எங்க ஊட்டுக்காரரோட அண்ணன் அப்டியே," என்றேன். மருமகள்கூடச் சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

கட்டியை எங்கே வைப்பது என்று பார்க்க அவன் வேனின் பின்கதவைத் தூக்கினான். உள்ளே பின் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தட்டி, அதற்குப் பின்னால் விளக்கின் ஒயர்கள்.

"இங்க எதனா சாமான் வெப்பீங்களா அண்ணாத்தே?"

"இன்னாத்த வெக்கப் போறோம்? ஒண்ணும் கெடையாது," என்றான் என் மகன்.

"பை வெப்போம்," என்றாள் மருமகள். "பசங்க ஸ்கூல் பை எல்லாம் அங்கதான்."

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவள் சொன்னாள். அடுத்த கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கேட்க வேண்டியவன் அதற்குள் பசை நாடா எடுக்கத் திரும்பிவிட்டான். ஆம்பளை பதில் சொல்லியாயிற்று, அவனுக்கு அது போதும். இரண்டு பக்கமும் அந்தப் பிளாஸ்டிக் தட்டியிலேயே கட்டிகளை ஒட்டி, ஒயரை இணைத்து, கையைத் தட்டினான். இண்டிகேட்டரும் பழையபடி டிக்... டிக்... என்று உலாவ ஆரம்பித்தது. என் மகன் தானே கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தினான்.

அடுத்த நாள் காலை குடியிருப்பு வாசலில் அந்த முயல் பை அப்பா இண்டிகேட்டரைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தீங்களா சிஸ்டர், நான் சொன்னேன்ல? பழகிடுச்சு!"

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் வண்டியை எடுத்துவிட்டாள்.

பூந்தமல்லியில் வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் மெட்ரோக்காரர்கள் ஏதோ பெரிய இரும்பை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டிகள் எல்லாம் நின்றன. நாங்களும் நின்றோம், வலது இண்டிகேட்டரைப் போட்டபடி. நின்றோம், நின்றோம், பிள்ளைகள் டிபன் டப்பாவைத் திறந்து பார்க்கிற அளவுக்கு நின்றோம்.

"ஆயா, யாரோ ரப்பரைச் சமைக்கிறாங்க," என்றது ஒரு வாண்டு.

எனக்கும் மூக்கில் ஏறியது. திரும்பிப் பின் சீட்டுக்கு மேலாகக் கையை விட்டு, வலது மூலையில் இருந்த பையை இழுத்தேன். ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இன்னும் இழுத்தால் பிய்த்துக்கொண்டு வந்தது. முயலுக்கு ஒரு காதைக் காணோம். அந்த இடத்தில் ரோஸ் கலர் உருகிக் கருகிக் குழியாக இருந்தது. தட்டி பாயசத்தில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. தொட்டேன், விரல் பொரிந்தது.

"அடியே, ஓரங்கட்டு!"

அவள் ஏன் என்று கேட்கவில்லை. இண்டிகேட்டரை அணைத்து, தகரத்தை ஒட்டி வண்டியை நிறுத்தி, இன்ஜினை நிறுத்தினாள். பிள்ளைகளைச் சாலை இல்லாத பக்கமாக ஒவ்வொன்றாக இறக்கி என் முந்தானைக்குள் நிறுத்தினாள். பைகளை எல்லாம் வெளியே எடுத்தாள். கடைக்காரன் இணைத்த ஒயர்களை அவளே பிடுங்கினாள். புகை ஒன்றும் இல்லை, சூடு ஆறிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பிள்ளைகளை மறுபடி ஏற்றினாள், பைகள் மடியில். பள்ளிக்கூடம் வரைக்கும் கையை வெளியே நீட்டிக் காட்டித்தான் திரும்பினாள். கை நடுங்கவில்லை. பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்தப் பெண் முயலைப் பார்த்து அழுதுகொண்டே வந்தது. "மொயலு காது குத்திக்கப் போச்சு கண்ணு, அங்கியே மறந்து வெச்சிட்டு வந்துட்ச்சி," என்றேன். அழுகை அதிகமாயிற்று.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை விட்டதும் மருமகளிடம் மெதுவாகச் சொன்னேன். "எலி கட்ச்சிட்ச்சின்னு சொல்லிடலாம்."

"எலி கட்ச்சா உருகுமா அத்தே?"

"சூடா டீ குட்ச்சிட்டுக் கட்ச்சிருக்கும்."

அவள் போனை எடுத்தாள். அந்தப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு, நடந்தது நடந்தபடி சொன்னாள். விளக்கு மாற்றினது, கட்டி ஒட்டினது, பை உருகினது, பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது, எல்லாம். அந்தப் பக்கத்திலிருந்து "சனிக்கிழமை வாங்க" என்று மட்டும் வந்தது.

நேராக ஒயரிங் கடைக்குப் போனோம். முயல் பையில் உருகிப் பிய்ந்து வந்த தோல் துண்டு என் மடியில் இருந்தது. அதை அவன் மேஜை மேல் வைத்தேன்.

"இன்னா ஆயா இது?"

"நீ ஒட்ன கட்டி பெத்த புள்ள. பேர் வெய்யி."

பார்த்ததும் அவன் முகம் மாறிற்று. "ஐயோ, அங்க பை வெச்சீங்களா? ஒண்ணும் வெக்க மாட்டோம்னு அண்ணாத்தே சொன்னாரே!"

"வெப்போம்னு இவ சொன்னாளே! உன் பக்கத்துல நின்னுகினு சொன்னாளே! காதுல இன்னா பஞ்சா வெச்சிகினு கீற? வண்டி இவளுது, ஓட்றது இவ, பையத் தூக்கி வெக்கறது இவ. பைக்கு ஓட்றவனப் புட்ச்சி இண்டிகேட்டர் விசயம் கேக்கறியே, நாளைக்கு எனக்குப் பல்லு வலின்னா எங்க பக்கத்து ஊட்டுக்காரன் வாயத் தெறக்கச் சொல்வியா?"

அவன் சிரிக்கவில்லை. முதல் முறையாக என் பேச்சுக்கு ஒருத்தன் சிரிக்காமல் நின்றான். எனக்கே கொஞ்சம் சங்கடமாகப் போயிற்று.

"அந்தக் கட்டியக் கழட்டுங்க," என்றாள் மருமகள். "இது இல்லாம வேற வழி கீதா?"

கடையில் வேறு ஆம்பளை யாரும் இல்லை. வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தே பதில் சொன்னான். "கீதும்மா. அந்த ஃபிளாஷர் டப்பாவையே மாத்திடலாம். எல்.இ.டி.க்குன்னே வேற ரிலே வருது. அது கரண்ட் கம்மியா போனாலும் ஒழுங்கா அடிக்கும். கட்டியே தேவயில்ல, சூடே கெடையாது."

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"அண்ணாத்தேதாம்மா ரெசிஸ்டர் போடுன்னு அன்னிக்கே காதோட காதா சொல்லிட்டாரு. வீடியோல பாத்தாராம்."

நானும் மருமகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அவனைப் பெற்றவள் நான், கட்டிக்கொண்டவள் அவள். யார் முதலில் திட்டுவது என்பதுதான் பாக்கி.

கடைக்காரன் டேஷ்போர்டுக்குக் கீழே படுத்து, பழைய டப்பாவைப் பிடுங்கி, புதிதை மாட்டினான். தீப்பெட்டி அளவுகூட இல்லை. அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். வெட்டின ஒயரை எல்லாம் சரியாகச் சுற்றச் சொன்னாள், நெளிந்த தட்டியை மாற்றச் சொன்னாள். முடித்துவிட்டு அவன் சொன்னான், அவளிடமே. "ஒண்ணு பாத்துக்கமா. பழைய டப்பா பல்பு போனா வேகமா அட்ச்சிக் காட்டிக் குடுக்கும். இது காட்டிக் குடுக்காது. போனாலும் அதே ஸ்பீடுதான். நீதான் அப்பப்ப எறங்கிப் பாத்துக்கணும்."

"தெனமும் பாக்கறேன்," என்றாள்.

வீட்டில் மகன் மாட்டினான். "எம்மோவ், பின்னாடி பை வெப்பாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"உன் பொண்டாட்டி ஓட்றது ஸ்கூல் வேனுடா. ஸ்கூல் பசங்க பை இல்லாம கருவாட்டுக் கூடயா தூக்கினு போவும்?"

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "பழைய லைட்டயே மாட்டிட்றேன்," என்றான் அவளிடம்.

"வாணாம். லைட்டு மேல எனக்குக் கோவம் இல்ல," என்றாள்.

"அப்ப யார் மேல?"

அவள் அவன் தட்டில் சோற்றைப் போட்டாள். ரசம் ஊற்றவில்லை. அவனும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் குடியிருப்புக் கூட்ட அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். ஏ.சி. எனக்கு எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. மகன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். முயல் பை அப்பா எழுந்து, என் மருமகள் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தாண்டி, என் மகனைப் பார்த்துக் கேட்டார். "சரிங்க, இனிமே இப்படி நடக்காதுங்கிறதுக்கு என்ன உத்தரவாதம்?"

எனக்கு ஏ.சி. குளிர் எல்லாம் பறந்துவிட்டது. எழுந்திருக்கப் போனேன். மருமகள் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

மகன் எழுந்தான். "சார், வண்டி அவங்களுது. ஓட்றது அவங்க. தெரியாம லைட்ட மாத்தி, தெரியாம ரெசிஸ்டர் போடச் சொன்னது மட்டும்தான் நானு. உத்தரவாதம் அவங்களக் கேளுங்க சார்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். இவனைப் பெற்றதில் கொஞ்சம் பிரயோஜனம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. அதை அவனிடம் சொல்லவில்லை, ஏறிக்கொள்வான்.

மருமகள் எழுந்து, எதையும் மறைக்காமல் சொன்னாள். ஏன் வேகமாக அடித்தது, எது சூடானது, இப்போது என்ன மாற்றியிருக்கிறது, தினமும் வண்டி எடுப்பதற்கு முன் என்ன பார்க்கப் போகிறாள். ஒரு அம்மா இரண்டு கேள்வி கேட்டார், நல்ல கேள்விகள். மற்றவர்கள் போனைப் பார்த்தார்கள். கடைசியில், "யோசிச்சுச் சொல்றோம்," என்றார்கள். பெண் பார்த்துவிட்டுப் பஜ்ஜி தின்றுவிட்டுப் போகிறவர்கள் சொல்வது போல. இங்கே பஜ்ஜியும் கிடையாது.

திங்கட்கிழமை காலை வாசலில் நின்றோம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் வந்தார்கள். அந்தப் பெண் புதுப் பையோடு வந்தது. பின்னால் வைக்க நான் கையை நீட்டினேன். பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

"அங்க வெக்க மாட்டேன். அங்க சுடும்."

அதைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் பையை மடியில் வைத்துக்கொண்டார்கள். உள்ளே காற்றுப் போகக்கூட இடமில்லை. அவர்களைக் கொண்டுவந்து விட்ட அப்பா அம்மாக்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இப்படியே ஒரு வாரம் போனால் வேறு வேன் வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு ஜோக் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

மருமகள் வலது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இறங்கினாள். பின்கதவைத் தூக்கி, புதுத் தட்டியின் மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். டிக்... டிக்... என்று அது பாட்டுக்கு அடித்தது. அந்தப் பெண் சீட்டின் மேல் முட்டி போட்டு எட்டிப் பார்த்தது. பிறகு மெல்ல ஒரு விரல் வைத்தது. பிறகு கையை.

"சுடல," என்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பாவும் தொடட்டும்," என்றது.

"வாங்க சார்," என்றாள் மருமகள்.

அவர் அடையாள அட்டை கழுத்தில் ஆட, காதில் மாட்டினதோடு வந்தார். ஒரு விரலால் தொட்டுவிட்டு, "ஓகே, ஓகே," என்று கையை எடுத்தார்.

"இல்ல சார். அன்னிக்கு ரொம்ப நேரம் நின்னதுலதான் சூடாச்சு. நீங்களும் அவ்ளோ நேரம் வெச்சிப் பாருங்க. அப்பதான் உங்களுக்குத் தெரியும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுக்க முடியாது. மனுஷன் வேனுக்குள் பாதி குனிந்து, தட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். காதில் யாரோ இங்கிலீஷில் அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "சாரி, சாரி, டூ மினிட்ஸ்," என்று அவர்களிடம் கெஞ்சினார்.

"ஆடாம நில்லுங்க சார், கை ரேக எடுக்கறாங்க," என்றேன்.

மருமகள் அவசரப்படவில்லை. அவள் போதும் என்று சொல்கிற வரைக்கும் அவர் கையை எடுக்கவும் இல்லை. எடுத்ததும் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மகளின் மடியிலிருந்து புதுப் பையை வாங்கி, அந்த மூலையில் தானே வைத்தார். அதைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற அம்மா தன் பையனுடைய பையை வாங்கி வைத்தார். ஒவ்வொன்றாக எல்லாப் பையும் பின்னால் போய்ச் சேர்ந்தது. அன்றோடு வேறு வேன் பேச்சும் நின்றது.

ஆனால் பாருங்கள். முகம் தெரியாத யாரிடமோ அத்தனை சாரி சொன்னவர், எதிரே நின்ற என் மருமகளிடம் ஒரு சாரி சொன்னாரா? "கேரி ஆன் சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத்தே, ஏறுங்க, டைம் ஆவுது."

"இருடி. இன்னும் ரெண்டு திட்டு பாக்கி கீது."

"வண்டில ஏறிக்கினு திட்டுங்க," என்று சொல்லிவிட்டு அவள் சாவியைத் திருகினாள்.